ஓர் ஏகாரத்தில் போன இறுதிச் சுற்று: விவாதத் தலைப்பு எழுதுவது பற்றி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் தமிழ் விவாதப் போட்டி. இறுதிச் சுற்றுக்குத் தலைப்பு எழுதிய நான்கு பேரில் நானும் ஒருவன். “டாஸ்மாக் கடை வேண்டுமா என்பதைக் கிராம சபையே முடிவு செய்ய வேண்டும்.” பலகையில் எழுதிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஊருக்குத் தெரிந்த விஷயம், இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது என்று நினைத்தோம்.

ஒட்டிப் பேசும் அணியின் முதல் பேச்சாளர் எழுந்து, “கிராம சபைக்கும் இதில் ஒரு குரல் வேண்டும், அவ்வளவுதான் தலைப்பு கேட்கிறது” என்று ஆரம்பித்தார். வெட்டிப் பேச வந்த மாணவி விடவில்லை. “கிராம சபையே என்றால் கிராம சபை மட்டும். கலெக்டருக்கு இதில் வேலை இல்லை, அரசுக்கும் இல்லை. அதை நிறுவிக் காட்டுங்கள்” என்றார். உடனே ஒட்டிய அணியிலிருந்து, “இது பிரிநிலை ஏகாரம் இல்லை, தேற்ற ஏகாரம்” என்று பதில் வந்தது. அதாவது, ‘மட்டும்’ என்று பிரிக்கும் ஏ இல்லை, உறுதி சொல்லும் ஏ. அப்புறம் நன்னூல் வந்தது. எடுத்துக்காட்டுகள் வந்தன. 40 நிமிட விவாதத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு எழுத்தின் மேல் போய்விட்டது. குடியால் வீட்டில் என்ன நடக்கிறது, வருவாய் போனால் எந்தத் திட்டம் நிற்கும், கிராம சபையில் உண்மையில் யார் பேசுகிறார்கள் என்பதெல்லாம் கடைசி ஐந்து நிமிடத்தில் அவசரமாக வந்து போயின.

மாணவர்கள் மேல் தவறே இல்லை. தலைப்பில் ஓட்டை இருந்தது, அதன் வழியாக விவாதம் வெளியே போனது. “கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் டாஸ்மாக் கடை திறக்கக் கூடாது” என்று எழுதியிருந்தால் இலக்கணத்துக்கு வேலையே வந்திருக்காது. அன்றிலிருந்து தலைப்பு எழுதும் வேலையை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். தமிழ் மாணவர் விவாதத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டால், குரல், உச்சரிப்பு, மேடைக் கூச்சம் எல்லாம் அப்புறம். முதலில் தலைப்பு.

நம் போட்டிகளில் வழக்கமாக வரும் தலைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். “சமூக வலைத்தளம் வரமா, சாபமா?” “ஊழலுக்குக் காரணம் மக்களா, அரசியல்வாதிகளா?” “இன்றைய பெண்கள் சுதந்திரமாக இருக்கிறார்களா?” இவை எதுவும் யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. வரம் என்று பேசுபவர் நல்லதாக ஒரு கூடை கொண்டுவந்து கொட்டுவார். சாபம் என்று பேசுபவர் கெட்டதாக ஒரு கூடை. இரண்டு கூடையும் ஒன்றையொன்று தொடாது. அப்படியானால் நடுவர் எதை வைத்துத் தீர்ப்பு சொல்வார்? குரலை வைத்துத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் சொன்ன கவிதையை வைத்து.

பட்டிமன்றத்தைக் குறை சொல்லவில்லை. அதன் வேலை வேறு. கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா என்று கேட்டால் அரங்கில் இருப்பவர் தன் மாமியாரை நினைத்துச் சிரிப்பார், தன் அம்மாவை நினைத்துக் கண்கலங்குவார். நடுவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி சொல்லி எல்லோரையும் மன நிறைவோடு வீட்டுக்கு அனுப்புவார். திருவிழா மேடைக்கு அது பொருத்தம். ஆனால் 19 வயதில் ஒருவர் விவாதம் பழகுவது வேறொன்றுக்காக. நாளைக்கு அவர் ஓட்டுப் போடுவார், ஊராட்சியில் உட்காரலாம், ஒரு கோப்பில் கையெழுத்திட வேண்டி வரலாம். அங்கெல்லாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்தால் இன்னொன்றை இழக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை “வரமா சாபமா” தரவே தராது.

விவாதத் தலைப்பு என்பது அடிப்படையில் ஒரு தீர்மானம். சட்டமன்றத்திலோ சங்கக் கூட்டத்திலோ ஒருவர் முன்மொழிந்து, மற்றவர்கள் ஏற்கவோ தள்ளவோ வேண்டிய வாக்கியம். யார் செய்வது, என்ன செய்வது, எங்கே செய்வது என்ற மூன்றும் அதில் தெரிய வேண்டும். ஆங்கில மரபில் “இந்த அவை” என்று தொடங்குவது அதனால்தான். அவையில் இருப்பவர்கள் முடிவெடுக்கப் போகிறார்கள், பேசுபவர் அவர்களை இணங்க வைக்க வேண்டும்.

ஒரு சொல் எவ்வளவு கனமானது என்று காட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மாணவர்களின் விவாத மன்றமான ஆக்ஸ்போர்டு யூனியன் கதையை மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். 1933 பிப்ரவரி 9. ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலராகி, அதாவது அரசின் தலைவராகி, 10 நாள்தான் ஆகியிருந்தது. “இந்த அவை எந்தச் சூழ்நிலையிலும் தன் அரசருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடாது” என்பது தலைப்பு. 275க்கு 153 என்று தீர்மானம் நிறைவேறியது. பத்திரிகைகள் கொந்தளித்தன. சர்ச்சில் வெட்கக்கேடு என்று சாடினார். தலைப்பைப் பாருங்கள். போரே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. அரசருக்காகவும் நாட்டுக்காகவும் என்கிறது. முதல் உலகப் போரில் அந்த மாணவர்களின் அண்ணன்மார்களை அழைத்துப் போன முழக்கம் அது. அந்த முழக்கத்தை மறுக்கவே பலர் கைதூக்கியிருக்கலாம். ஆனால் “எந்தச் சூழ்நிலையிலும்” என்ற சொல் விதிவிலக்குக்கு இடமே வைக்கவில்லை. வெளியே இருந்தவர்கள் அந்தச் சொல்லைத்தான் படித்தார்கள். அந்தச் சொல் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைய இரவு இத்தனை ஆண்டுகள் நினைவில் நின்றிருக்குமா என்பது சந்தேகம்.

சரியாகப் பத்து ஆண்டு கழித்து அதே பிப்ரவரி 9இல், 1943இல், சென்னை சட்டக் கல்லூரி மண்டபத்தில் ஒரு விவாதம் நடந்தது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமா, கூடாதா? கொளுத்த வேண்டும் என்று அண்ணா. கூடாது என்று தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளை. அடுத்த மாதமே சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு இன்னொரு சுற்று. கம்பன் பக்கம் நிற்பவர்களுக்கும் அண்ணா பக்கம் நிற்பவர்களுக்கும் அந்தப் பேச்சுகள் இன்றும் சூடு குறையாதவை. நான் சொல்ல வருவது தலைப்பைப் பற்றி மட்டும். “கம்பராமாயணம் நல்ல காவியமா?” என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு செயலை முன்வைத்தார்கள். செயல் முன்னால் இருந்ததால்தான் கவிநயம் ஒரு பக்கமும், அந்தக் கவிநயம் எதைச் சுமந்து வருகிறது என்ற கேள்வி மறுபக்கமும் நேருக்கு நேர் மோத முடிந்தது. முடிவைக் கேட்கும் தலைப்பு நமக்கு ஆங்கிலத்திலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று யாராவது சொன்னால் இந்த விவாதத்தைக் காட்டலாம்.

சரி, அந்த டாஸ்மாக் தலைப்புக்கே திரும்புகிறேன். அது எங்கள் மேசையில் எப்படி உருவானது என்று சொன்னால் வேலையின் தன்மை புரியும். முதலில் ஒருவர் எழுதியது, “மது வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடு.” இதை வெட்டிப் பேச யாரால் முடியும்? பாட்டிலிலேயே அச்சடித்திருக்கும் வாசகம் அது. இரண்டாவது, “தமிழ்நாட்டில் பூரண மதுவிலக்கு வேண்டும்.” இது விவாதம்தான். வெட்டிப் பேசுபவர் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்ததைச் சொல்லலாம், கடை மூடினால் இது பெருகும் என்று வாதிடலாம். ஒட்டிப் பேசுபவர், கடை திறந்திருக்கும் மாநிலத்தில்தானே அந்தச் சாவுகள் நடந்தன என்று திருப்பலாம். 2016 முதல் மதுவிலக்கில் இருக்கும் பீகார், மாநிலம் உருவான 1960 முதலே மதுவிலக்கில் இருக்கும் குஜராத் என்று ஒப்பிடலாம். ஆனால் இந்தத் தலைப்பு நம் மாநிலத்தில் அத்தனை முறை பேசப்பட்டுவிட்டது. மாணவர்கள் யோசிக்க மாட்டார்கள், நினைவிலிருந்து ஒப்பிப்பார்கள்.

மூன்றாவதாக வந்ததுதான் கிராம சபை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அந்தக் கடைகளை ஊருக்குள் மாற்றப் பார்த்தபோது 2017இல் ஊர் ஊராகப் பெண்கள் திரண்டு வந்து தடுத்தார்கள். அப்போது எழுந்த கேள்வியே இது. கடை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கு? இங்கே ஒட்டிப் பேசுபவருக்கும் வெட்டிப் பேசுபவருக்கும் பெண்களின் பக்கமே நின்று வாதிட வழி உண்டு. அடிவாங்குபவர்கள் முடிவு செய்யட்டும் என்பது ஒரு வாதம். கிராம சபையில் உட்கார்ந்து ஆண்கள் முன்னால் கைதூக்க எத்தனை பெண்களால் முடியும் என்பது அதற்கு மறுவாதம். கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது. மே 1 அன்று கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டு ஆகஸ்ட் 15 அன்று வேண்டும் என்று மாற்றினால்? பக்கத்து ஊர் வேண்டும் என்று சொன்னால் இந்த ஊர் ஆண்கள் அங்கே போய் இரவில் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புவார்களே? ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வரும் வருவாயை ஊர் ஊராகப் பிரித்து வாக்கெடுப்புக்கு விட்டால் அரசு பட்ஜெட் எப்படிப் போடும்? ஒரே ஒரு கேள்வியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்ததும் எவ்வளவு வாசல் திறக்கிறது பாருங்கள். அந்த ஏகாரம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்!

தமிழில் தலைப்பு எழுதுபவர்களுக்கு ஏகாரம் ஒரு கண்ணி என்றால், “மட்டுமே”, “முற்றிலும்”, “உடனடியாக”, “அனைத்து” என்பவையும் அப்படித்தான். எழுதும்போது உறுதியாகத் தோன்றும். விவாதத்தில் வெட்டிப் பேசுபவர் ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு செயல்களை “மற்றும்” போட்டு இணைப்பதும் வேண்டாம். ஒன்றை ஏற்று இன்னொன்றை மறுப்பவர் எந்தப் பக்கம்? “கூடாது என்பதை ஏற்க முடியாது” மாதிரி இரட்டை மறுப்பும் வேண்டாம். வெயிலில் பேருந்து மாறி வந்த மாணவருக்கு அதை அவிழ்ப்பதற்கே தயாரிப்பு நேரம் தீர்ந்துவிடும்.

உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியில் தயாரிப்பு நேரம் 15 நிமிடம்தான். 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கிய போட்டி அது, 2014இல் சென்னைக்கும் வந்தது. ஆளுக்கு 7 நிமிடப் பேச்சு. ஒட்ட இரண்டு அணி, வெட்ட இரண்டு அணி. அங்கே தலைப்பு எழுதுவதற்கென்றே தலைமை நடுவர் குழு இருக்கிறது. அவர்கள் வேலையை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஒவ்வொரு அறையிலும் முதலிடத்துக்கு 3, அடுத்ததுக்கு 2, 1, 0 என்று புள்ளி. மொத்தம் 6, அணிகள் 4. ஆகவே தலைப்பு நேர்மையானதாக இருந்தால், எல்லா அறைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒட்டிய அணிகளுக்கும் வெட்டிய அணிகளுக்கும் சராசரியாக 1.5க்குப் பக்கத்தில் வர வேண்டும். வெட்டிப் பேசியவர்கள் சராசரியாக 2க்கு மேல் வாங்கியிருந்தால் அவர்கள் திறமைசாலிகள் என்று பொருள் இல்லை. தலைப்பு சாய்ந்திருக்கிறது. நம் போட்டிகளில் இதற்குக் கணினிகூடத் தேவையில்லை. சுற்று முடிந்ததும் தாளை எடுத்து, எத்தனை விவாதத்தில் ஒட்டிய அணி வென்றது, எத்தனையில் வெட்டிய அணி வென்றது என்று இரண்டு கோடு போட்டால் போதும். பத்தில் ஒன்பது ஒரே பக்கம் என்றால் அந்தத் தலைப்பை அடுத்த ஆண்டு யாரும் தொடக் கூடாது.

சாய்வு எப்போதும் தர்க்கத்தில் இருப்பதில்லை, அரங்கிலும் இருக்கும். நீட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி அரங்கில் “நீட் தேர்வை ரத்து செய்ய வேண்டும்” என்று தலைப்பு வைத்தால் வெட்டிப் பேசுபவர் மாணவராகவே பார்க்கப்பட மாட்டார், எதிரியாகப் பார்க்கப்படுவார். நடுவருக்கும் மனம் ஒரு பக்கம்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. அதற்காக அந்த விஷயத்தையே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம், உள்ளே போகலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்தவர்கள் எங்களையும் சேருங்கள் என்று கேட்கிறார்கள். “7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் விரிவாக்க வேண்டும்.” இதில் எதிரி யாரும் இல்லை. ஒரே வறுமையில் இருக்கும் இரண்டு பிள்ளைகள், ஒரே தட்டு. அரங்கு தானாக அமைதியாகிவிடும். இரண்டு பக்கமும் கவனமாகக் கேட்பார்கள், ஏனென்றால் யாருக்கும் விடை முன்கூட்டித் தெரியாது.

கடந்த காலத்தைப் பற்றிய தலைப்பு இன்னொரு வகை. ஆங்கிலத்தில் “இந்த அவை வருந்துகிறது” என்று வரும். அதை அப்படியே தமிழில் வைத்தால் மாணவர்கள் இரங்கல் கூட்டத்துக்குப் பேசுவதுபோல் பேசுகிறார்கள், அனுபவத்தில் கண்டது. நான் இப்போது இப்படி எழுதுகிறேன்: “1971இல் மதுவிலக்கைத் தளர்த்தாமல் இருந்திருந்தால் தமிழ்நாடு இன்று மேலாக இருந்திருக்கும்.” 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது, 1971இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தி 1974இல் திரும்பக் கொண்டுவந்தது, 1981இல் எம்.ஜி.ஆர். அரசு கடைகளைத் திறந்தது, 1983இல் டாஸ்மாக் உருவானது, 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்குப் போனது. இந்த வரிசை தெரிந்த மாணவர் உடனே கேட்பார், 1971 எதற்கு, மூன்று ஆண்டில் அதுதான் திரும்பிவிட்டதே, உண்மையான திருப்பம் 1981 இல்லையா? நல்ல கேள்வி. அதற்கு ஒட்டிப் பேசுபவர், ஒருமுறை திறந்ததால்தான் இன்னொரு முறை திறக்கத் துணிவு வந்தது, ஒரு தலைமுறைக்குப் பழக்கம் வந்தது என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். நடக்காத ஒரு தமிழ்நாட்டை அவர்கள் மனதில் கட்டி எழுப்ப வேண்டும். ஓர் ஆண்டையும் ஒரு செயலையும் குறிப்பிட்டதால் வரலாறு தானாக உள்ளே வந்துவிடுகிறது.

அடுத்து, எனக்கு இன்னும் உறுத்தும் ஒரு விஷயம். தன் மனசாட்சிக்கு எதிரான பக்கத்தில் மாணவரைப் பேச வைக்கலாமா?

இது பழைய சண்டை. 1954–55இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசிய விவாதத் தலைப்பு, கம்யூனிஸ்ட் சீன அரசை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்பது. யாரைப் பார்த்தாலும் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்த செனட்டர் மெக்கார்த்தி காலத்து அச்சம் இன்னும் அடங்காத நேரம். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியும் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியும் தங்கள் மாணவர்கள் இந்தத் தலைப்பில் பேசக் கூடாது என்று தடுத்துவிட்டன. நம்பாததைப் பேச வைப்பது நேர்மையா என்று ஆசிரியர்களிடையே ஆண்டுக்கணக்கில் விவாதம் ஓடியது. கடைசியில் 1979 ஜனவரி 1 அன்று அமெரிக்க அரசே சீனாவை அங்கீகரித்தது. மாணவர்கள் வாயில் வரக்கூடாது என்று தடுக்கப்பட்ட வாதம் 25 ஆண்டுக்குள் அரசுக் கொள்கையாகிவிட்டது. இதை வைத்து, எந்தப் பக்கம் கிடைத்தாலும் பேசத்தான் வேண்டும், பூவா தலையா போட்டே பக்கம் பிரிக்க வேண்டும் என்று நான் நெடுநாள் உறுதியாக இருந்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படியே.

ஆனால் ஒரு போட்டியில் நான் ஏற்றுக்கொண்ட தலைப்பு, “இட ஒதுக்கீடு பொருளாதார அடிப்படையில் மட்டுமே வழங்கப்பட வேண்டும்.” ஒரு சிற்றூரிலிருந்து வந்த மாணவிக்கு ஒட்டிப் பேசும் பக்கம் விழுந்தது. அவர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். நன்றாகவே பேசினார், அணியும் வென்றது. வெளியே மரத்தடியில் தேநீர்க் கோப்பையோடு நின்றவர் என்னைப் பார்த்ததும், “சார், எங்க அப்பா இத கேட்டிருந்தா என்னைய என்ன நெனச்சிருப்பாரு?” என்றார். கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கம்யூனிஸ்ட் சீனாவைப் பற்றிப் பேசிய அமெரிக்க மாணவருக்கும் இந்தப் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த மாணவர் எங்கோ இருந்த ஒரு நாட்டைப் பற்றிப் பேசினார். இவரோ, தான் அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் உரிமை சரிதானா என்பதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. எதிர் அணியில் இருந்தவர்களுக்கு அந்தச் சுமை கிடையாது. பூவா தலையா போட்டதால் சமநிலை வந்துவிட்டது என்று நான் நினைத்தது தவறு.

இட ஒதுக்கீட்டைப் பற்றி விவாதமே கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. அதைப் பேசாத தமிழ்நாட்டு மாணவர் எதைப் பேசப் போகிறார்? எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “103வது அரசமைப்புத் திருத்தத்தை ரத்து செய்ய வேண்டும்” என்று வையுங்கள். பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினருக்கு 2019இல் வந்த 10 சதவீத ஒதுக்கீடு, ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம், 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் 3க்கு 2 என்று பிரிந்த தீர்ப்பு. கூண்டில் நிற்பது ஒரு சட்டம். அரங்கில் இருக்கும் பெண் இல்லை. பொருளாதார அளவுகோல் பற்றிய வாதம் எல்லாம் அதற்குள் அப்படியே வரும். படித்துவிட்டு வரும் மாணவர் இன்னும் ஆழமாகப் போவார். 1979இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு வைத்தது, 1980 மக்களவைத் தேர்தலில் 39இல் 2 இடம்தான் கிடைத்தது, அதன்பின் வரம்பை எடுத்துவிட்டு ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. இந்த ஒரு நிகழ்வை வைத்து இரண்டு பக்கமும் வாதிடலாம். மக்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்று ஒருவர். ஓட்டுக்குப் பயந்து ஒரு கொள்கையைச் சோதிக்காமலே கைவிட்டார்கள் என்று மற்றவர்.

இதை வைத்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தலைப்பு எழுதி முடித்ததும் கண்ணை மூடி, அந்த அரங்கில் இருக்கக்கூடிய யாருக்கு இந்தப் பக்கம் கிடைத்தால் வீட்டுக்குப் போய்ச் சொல்ல முடியாமல் போகும் என்று யோசிப்பேன். அப்படி ஒருவர் முகம் வந்தால் தலைப்பைத் திரும்ப எழுதுவேன். கடினமான பக்கம் இருக்கலாம். அவமானமான பக்கம் கூடாது.

எந்தத் தலைப்பை முன்கூட்டியே தருவது, எதை அங்கேயே தருவது என்பதும் யோசிக்க வேண்டியது. உலகப் பள்ளி மாணவர் போட்டியில் இரண்டு வகையும் உண்டு. நம்மிடம் பெரும்பாலும் ஒரு வாரம் முன்பே தலைப்பு போய்விடுகிறது, ஆசிரியர் எழுதித் தருகிறார், மாணவர் ஒப்பிக்கிறார். எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் காதில் விழாது. அதே நேரம் மக்களவைத் தொகுதி மறுவரையறை மாதிரி விஷயத்தை 15 நிமிடத்தில் பேசச் சொல்வதும் அநியாயம். 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மாநிலங்களுக்கான இடங்களை நிறுத்தி வைத்தது 42வது திருத்தம், 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியது 84வது திருத்தம். குடும்பக் கட்டுப்பாட்டில் வென்ற மாநிலத்துக்குத் தண்டனையா என்பது ஒரு வாதம், பீகார்க்காரரின் ஓட்டுக்கு மதிப்புக் குறைவா என்பது இன்னொன்று. இதற்குப் படிப்பு வேண்டும். இப்படிப்பட்டவற்றை ஒரு வாரம் முன்பே தரலாம், ஆனால் எந்தப் பக்கம் என்பதை அரங்கில்தான் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் படித்துவிட்டு வந்தாக வேண்டும் அல்லவா? அங்கேயே தரும் தலைப்பில் பலருக்குத் தெரியாத சட்டமோ அறிக்கையோ வந்தால் நான்கு வரித் தகவல் சீட்டு ஒன்றை எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். ஆங்கிலப் பத்திரிகை வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கும் வாங்காத வீட்டுப் பிள்ளைக்கும் இடையே உள்ள தூரம் அதில் கொஞ்சமாவது குறையும்.

அந்தத் தேநீர்க் கோப்பைப் பெண் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியர். சென்ற முறை தலைப்பு எழுத அவரையும் அழைத்தோம். நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவரும் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பின், நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் இருந்தன. நான் எழுதி வைத்திருந்தது, “பள்ளிகளில் சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும்.” அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். “சார், இதுல வெட்டிப் பேசுற பிள்ளை சாதிக் கயிறு வேணும்னு பேசுற மாதிரி ஆயிடும். அந்தப் பையன் ஊருக்குப் போனா அதத்தான் சொல்லுவாங்க” என்றார். பேனாவை எடுத்து அடித்துவிட்டு எழுதினார்: “சாதி அடையாளக் கயிறு கட்டிவரும் மாணவர் மீது நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு ஆசிரியரிடம் இருக்கக் கூடாது.”

ஆசிரியர் இல்லையென்றால் யார் என்று எங்களில் ஒருவர் கேட்டார். போலீஸா, பெற்றோர் சங்கமா, வெளியிலிருந்து வரும் அலுவலரா? நடவடிக்கை எடுத்துவிட்டு அதே ஊரில் மாலையில் பேருந்துக்கு நிற்க வேண்டிய ஆசிரியரின் நிலை என்ன? ஆசிரியரே அந்த ஊர்ச் சாதிக்காரராக இருந்தால்? தலைப்பு முடிவாகும் முன்பே நாங்கள் ஐந்து பேரும் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அவர் வாக்கியத்தை இன்னொரு முறை படித்துவிட்டு, “பொறுப்பு” என்ற சொல்லை வட்டமிட்டு, “அதிகாரம்னு போடலாமா?” என்று கேட்டார்.